சோறும் வருகைப் பதிவேடும்: ஆயிரம் விளக்கில் தொடங்கிய கதை



நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் காலை உணவுத் திட்டம் பற்றி நடந்த வாக்குவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "சோறு போட்டால் சாப்பிடத்தான் வருவார்கள், படிக்கவா வருவார்கள்?" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் மனம் நொந்து குழுவை விட்டே போய்விட்டார். இரண்டு பேரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பெயரெல்லாம் சொல்லப்போவதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அது நூறு வருஷத்துப் பதில். இரண்டு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள், கடைசியில் பரீட்சை கிடையாது.

முதலில் நம்ம பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலையில் வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆயிரம் விளக்கு வந்துவிடும். 1920இல் அங்கே மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைகள் வரவில்லை. சேர்ந்தவர்களும் நிலைக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும், வறுமை. பக்கத்தில் இருந்த மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகள் போய்விடுவதும் மாநகராட்சிக்குக் கவலையாக இருந்தது.

அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், துணி வணிகம் செய்த குடும்பம். 1920 தேர்தலுக்குப் பிறகு முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது தனக்கு வேண்டாம் என்று சொன்னவர். நாம் தினமும் "டி.நகர்" என்று சுருக்கிச் சொல்லும் தியாகராய நகர் அவர் பெயர்தான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அவர் மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆயிரம் விளக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், செலவு தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. தீர்மானம் நிறைவேறியது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது.

விளைவை எண்ணிக்கையில் பாருங்கள். 1922-23இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து இருந்த மாணவர்கள் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். நான் கணக்குப் பாடமும் எடுத்தவள் என்பதால் சொல்கிறேன், இந்த வித்தியாசத்துக்குப் பெரிய விளக்கம் ஒன்றும் தேவையில்லை.

இதே 1920இல்தான் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. ஓர் ஊரில் கல்வியைக் கட்டாயமாக்க உள்ளாட்சிகளுக்கு அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போடவும் வழி இருந்தது. பள்ளிகளை நடத்தத் தொடக்கக் கல்வி நிதி என்று தனியாக ஒன்றும் உண்டானது. இனிமேல்தான் வேடிக்கை. அந்த நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்யக்கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்துவிட்டது. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு திட்டம் நின்றது. தியாகராயர் காலமானதும் அதே 1925இல்தான்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளை வராவிட்டால் அபராதம் என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. பிள்ளை வருவதற்கு ஓரணாச் சிற்றுண்டி கொடுக்க நிதியில் இடமில்லை! நல்லவேளை, மாநகராட்சி விடவில்லை. 1927இல் மறுபடியும் தொடங்கி 25 பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குக் கொடுத்தார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1880இல் பத்து வயது வரை பள்ளிக்கு வருவதைக் கட்டாயமாக்கினார்கள். வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போக ஆட்களை வைத்தார்கள். பெற்றோர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். வகுப்பில் உட்காரவைத்த பிறகுதான் பல பிள்ளைகள் பசியோடு இருப்பது கண்ணில் பட்டது. பள்ளியில் உணவு கொடுக்க உள்ளாட்சிகளை அனுமதிக்கும் சட்டம் அங்கே வந்தது 1906இல். கட்டாயத்துக்கும் சோற்றுக்கும் நடுவில் 26 வருஷம்.

நம் நாட்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் அம்ரேலி வட்டாரத்திலும், 1906இல் தன் சமஸ்தானம் முழுவதிலும் கட்டாயக் கல்வி கொண்டுவந்தார். பெரிய காரியம்தான். ஆனால் அங்கேயும் அபராதம் இருந்தது. அபராதத்துக்குப் பயந்து பிள்ளையை அனுப்பும் வீடும் உண்டு. பிள்ளை கொண்டுவரும் கூலியை நம்பி, அபராதத்தையும் சேர்த்துச் சுமக்கும் வீடும் உண்டு. இரண்டாவது வீட்டுக்குச் சட்டம் என்ன செய்யும்?

சுதந்திரத்துக்குப் பிறகு 1953இல் ராஜாஜி காலத்தில் வேறொரு யோசனை வந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். இருக்கிற பள்ளிகளையும் ஆசிரியர்களையும் வைத்து அதிகம் பேருக்கு இடம் கொடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவது இது என்று எதிர்ப்புக் கிளம்பியது. "குலக்கல்வித் திட்டம்" என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

காமராசர் பற்றி ஆடு மேய்க்கும் பையன் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். "பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டாராம். "அங்கே சோறு போடுவாங்களா?" என்று திருப்பிக் கேட்டானாம். இப்படியேதான் நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நடந்தது இது: 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறையை அப்போது நடத்தியவர் நெ.து.சுந்தரவடிவேலு. அரசிடம் போதிய பணம் இல்லை. ஊர் மக்களிடம் அரிசியும் பருப்பும் காய்கறியும் கேட்டு வாங்கித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க, மீதியை ஊர் ஏற்றது. 1961இல் கேர் அமைப்பின் உதவியும் சேர்ந்தது. என் வயதுக்காரர்களுக்குப் பால் பவுடர் என்றாலே அந்த வாசனை நினைவுக்கு வரும்.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்கள், அந்த செப்டம்பரிலேயே நகரங்கள். 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. கட்சி எதுவாக இருந்தாலும் அடுப்பை யாரும் அணைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு விறகு சேர்த்தார்கள். இந்த விஷயத்தில் நம் மாநிலத்துக்கு இது பெருமை.

இங்கே ஒரு நுட்பமான வித்தியாசம் சொல்ல வேண்டும். 1995இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பல மாநிலங்களில் சமைத்த சோற்றுக்குப் பதில் தானியம் கொடுத்தார்கள். மாதம் 80 விழுக்காடு வருகை இருந்தால் பிள்ளைக்கு மூன்று கிலோ. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையால் வர முடியவில்லையோ அதற்கே தானியம் இல்லை என்று ஆகிவிடுகிறது. தவிர, மாதக் கடைசியில் கிடைக்கும் மூன்று கிலோ, இன்றைக்குப் பகல் 12 மணிக்கு வரும் பசிக்கு என்ன பதில் சொல்லும்? 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவுதான் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் அதற்குள் இரண்டு தலைமுறை அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருந்தது.

இப்போதைய காலை உணவு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல். ஆயிரம் விளக்கில் ஓரணாவில் ஆரம்பித்ததன் தொடர்ச்சி இது.

சரி, "சாப்பிடத்தான் வருகிறார்கள்" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆமாம், சாப்பிட வந்தவர்கள் உண்டு. என் வகுப்பிலேயே உண்டு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாப்பிட வந்த பிள்ளை என் எதிரில் உட்கார்ந்திருந்தது. எதிரில் இருக்கும் பிள்ளைக்கு நான் "அ" சொல்லிக்கொடுக்க முடியும். வராத பிள்ளைக்கு எந்த நல்லாசிரியர் விருது வாங்கியவராலும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியாது. காலையில் நான் பெயர் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆனால் சோறு ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு ஒரு சாய்கோடு. வராதவர்களின் கட்டம் ஒரே மாதிரி இருக்கும். காரணங்கள் ஒரே மாதிரி இருக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டங்களைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் வந்துவிட்டது.

தண்ணீர் லாரி வரும் நாளில் சில பெண்கள் வரமாட்டார்கள். குடத்தோடு வரிசையில் நின்றிருப்பார்கள். 2003, 2004 பஞ்சத்தில் இது வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. தீபாவளிக்கு முந்தைய மாதம் சில பையன்கள் காணாமல் போவார்கள், கடைத்தெருவில் வேலை. அம்மா வீட்டு வேலைக்குப் போகும்போது தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் நின்றுவிடும். ஆறு, ஏழாம் வகுப்புக்கு மேல் மாதத்தில் மூன்று நாலு நாள் தவறாமல் வராத பெண்களை என்னவென்று கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் கதவோடு, தண்ணீரோடு ஒரு கழிப்பறை இருந்தால் பாதிப் பேர் வந்திருப்பார்கள். இதற்கெல்லாம் சோறு மருந்தாகாது.

இன்னொன்று, உங்களில் சிலருக்கு நேராகவே தெரியும். 2000க்குப் பிறகு நம் பகுதியைச் சுற்றி இருந்த குடிசைகளில் பலவற்றைக் காலி செய்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பல இடங்களில் படிப்பு வருஷத்தின் நடுவிலேயே நடந்தது. இலவச பஸ் பாஸ் கையில் இருந்தும், விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி ஒரு குழந்தை எத்தனை நாள் வரும்? பதிவேட்டில் அது "நீண்ட நாள் வராதவர்" என்று ஆனது. அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகவில்லை. பள்ளியிலிருந்து அதன் வீட்டைத் தூரமாக எடுத்துப்போய் வைத்துவிட்டார்கள்.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக்கூடாது. பிள்ளை வகுப்பில் இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் உண்டு. 1920 சட்டம் "ஏன் அனுப்பவில்லை?" என்று தகப்பனைக் கேட்டது. 2009இல் எழுதிய சட்டம் "ஏன் வரவில்லை என்று போய்ப் பார்த்தீர்களா?" என்று நம்மைக் கேட்கிறது. கேள்வி திரும்புவதற்கு 90 வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது வருகையை மொபைல் செயலியில் பதிகிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஆசிரியை, காண்பித்தாள். காலையிலேயே மேலிடம் வரை எண்ணிக்கை போய்விடுகிறது. நல்லதுதான். அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "எத்தனை பேர் வரவில்லை என்று செயலி சொல்லும். ஏன் வரவில்லை என்று நீதான் கேட்கணும்மா. மூன்றாம் நாள் தாண்டக்கூடாது."

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறீர்கள். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள், சிலர் கடை நடத்துகிறீர்கள். வேலை செய்யும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளி நாளில் அவர் பெண் உங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்க வந்தால், "இன்னைக்கு ஸ்கூல் இல்லையா கண்ணு?" என்று கேளுங்கள். பாத்திரம் ஒரு நாள் கிடக்கட்டும், பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள். அம்மாவின் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். அந்தக் கூலிக்காகத்தான் பெண் வந்து நிற்கிறது. தீபாவளி சீசனில் கடைக்கு வரும் பொடியனையும் அப்படியே.

குழுவை விட்டுப் போன தம்பிக்கு: நீ சாப்பிட்டது யாருடைய தர்மமும் இல்லை. இந்த ஊர் நூறு வருஷம் முன்பே உனக்காகப் பேசித் தீர்மானம் போட்டு வைத்தது அது. தலை நிமிர்ந்து திரும்பி வா. கேள்வி கேட்ட தம்பிக்கு: கேட்டதில் தப்பில்லை, கேட்டால்தான் தெரியும். அவனுக்கு நீயே போன் செய்து கூப்பிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தேனாம்பேட்டை