மனநோய் பட்டவங்களுக்கும் ஒரு நாற்காலி

இந்த மலரில் சேமிப்பு, கடன், தொழில் பற்றி மற்ற அக்காக்கள் எழுதுகிறார்கள். நான் மனநோய் வைத்தியத்தின் வரலாற்றை எழுதுகிறேன். அதுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காமல் படிங்க.

நம்ம பக்கத்தில் ஒருத்தருக்குப் புத்தி பேதலித்துப் போனால், காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். 48 நாள் தங்கினால் தெளியும் என்பது நம்பிக்கை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு போக்கிடம் இல்லாத காலம் அது. அரசாங்க வைத்தியம் என்றால் மெட்ராஸ்தான். வெள்ளைக்காரர் 1794ல் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். 1871ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அந்த ஊர்ப் பேரையே நாம் கேலிப் பேச்சாக ஆக்கிவிட்டோம். அரியலூரில் ரயில் ஏறி அவ்வளவு தூரம் போய் வைத்தியம் பார்க்க எத்தனை பேருக்கு முடியும்?

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடியது. நூற்றுக்கணக்கானவர்களை அங்கிருந்து வெளியே கொண்டு வந்தார்கள். கட்டிப் போட்டது யார்? சொந்தக்காரர்கள் சம்மதித்தார்கள், காப்பகக்காரர் கட்டினார். கட்டப்பட்டவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தீயைவிட அதுதான் உறுத்துகிறது.

இதற்கு முன்பே மாவட்ட மனநலத் திட்டம் வந்துவிட்டது. 1996ல் மத்திய அரசு தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்த மாவட்டம் திருச்சி. பெரம்பலூர் அதற்குச் சற்று முன்னால், 1995ல்தான் திருச்சியிலிருந்து பிரிந்திருந்தது. நம்ம அதிர்ஷ்டம் அப்படி!

நோய் பட்டவர்களே பேசிய வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவில் கிளிஃபோர்ட் பியர்ஸ் என்பவர் மனநோய் ஆஸ்பத்திரியில் தான் பட்ட பாட்டை 1908ல் புத்தகமாக எழுதினார். அதிலிருந்து ஒரு சீர்திருத்த இயக்கமே கிளம்பியது. நம்ம சென்னையில் 1993ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்காக பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே குணமான பெண்கள் சிலர் பிறகு அங்கேயே வேலையிலும் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியே கதியென்று வருஷக்கணக்கில் கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரண வாடகை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு வாழும் முறையையும் 2015ல் கொண்டு வந்தார்கள்.

2007ல் இந்தியா மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதையொட்டி மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வந்து, 2018 மே 29 முதல் அமலானது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது சட்டம். மாநில மனநல ஆணையத்தில் மனநோய் பட்டவர்கள் சார்பில் இரண்டு பேர், பராமரிப்பவர்கள் சார்பில் இரண்டு பேர் இருக்க வேண்டும். மறுஆய்வு வாரியத்திலும் நீதிபதி, கலெக்டரின் பிரதிநிதி, டாக்டர்களோடு இரண்டு இடம் உண்டு. ஆனால் அந்த இரண்டு இடத்துக்கு நோய் பட்டவர் "அல்லது" பராமரிப்பவர் "அல்லது" தொண்டு நிறுவனத்தார் என்று எழுதியிருக்கிறது. இந்த "அல்லது" எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்த புதிதில், தலைவி நாற்காலியில் புருஷன் உட்கார்ந்து பேசியதை நாம் பார்க்கவில்லையா?

1989ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோதும் கைநாட்டுக்காரிகளுக்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. யாருக்கு எவ்வளவு கடன், எப்போது திருப்புவது என்று நாமே முடிவு செய்து காட்டினோம். கடன் வாங்குகிறவளுக்குத்தான் தன் கஷ்டம் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு மட்டும் தெரியாதா?

எங்கள் குழுவில் ஒரு அக்கா பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். அவரை நீக்கிவிடலாம் என்று ஒரு காலத்தில் பேச்சு வந்தது. "பைத்தியக்காரி கையெழுத்து பேங்கில் செல்லுமா?" என்றுகூடக் கேட்டார்கள். ஊக்குநர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இன்றைக்கு உள்கடன் பாக்கி இல்லாத உறுப்பினர்களில் அவரும் ஒருத்தர்.

போன மாசக் கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டர் வர்ற நாளும் நூறு நாள் வேலையும் ஒண்ணா வருது. போனா கூலி போச்சு, போகலன்னா மாத்திரை போச்சு. காலையில மாத்திரை போட்டா களையெடுக்கும்போது தூக்கம் தள்ளுது. ராத்திரிக்கு மாத்தித் தர முடியுமான்னு கேட்டா, பக்கத்துல இருந்த எங்க வீட்டுக்காரரப் பாத்துப் பதில் சொல்றாங்க. எங்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லணும்."

இதில் மூன்று கோரிக்கை இருக்கிறது. எந்த அதிகாரிக்கும் இது தோன்றியிருக்காது, எனக்கே தோன்றவில்லை. மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த கிராம சபையில் வைக்கப் போகிறோம். நான் படிக்கிறேன் என்றேன். "வேண்டாம், நானே படிக்கிறேன்" என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.