போர்டோ கலவை பிறந்த கதை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டி, அம்பாத்துரை, கொடைரோடு வட்டாரங்களில் கல்தூண்களின்மேல் கம்பி இழுத்துப் படரவிட்ட திராட்சைப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு பந்தலுக்குள் நுழைந்து பாருங்கள். இலைகளில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளிர் நீலப் படிவு காணப்படலாம். என்ன மருந்து என்று கேட்டால், "போர்டோ கலவை" என்பார் தோட்டக்காரர். போர்டோ என்பது விஞ்ஞானியின் பெயரன்று. சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பிரெஞ்சு நகரம்.

நம் பன்னீர்த் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று எழுதுவது வழக்கம். (பன்னீர்த் திராட்சை எனும் மஸ்கட் ஹாம்பர்க் இரகம் இங்கிலாந்தில் உருவானதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ஆகவே இந்த ஆண்டுக் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை.) அது நிற்க. மருந்து பிரான்சிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

1878இல் பிரான்சில் ஒரு புதிய நோய் தென்பட்டது. அமெரிக்கக் கொடிகளோடு வந்த அடிச்சாம்பல் நோய் அது. இதன் வித்துகள் இலைமேல் நிற்கும் நீரில் நீந்திச் சென்று இலைத்துளை வழியே உள்ளே புகுபவை. ஆகவே மழை மிகுந்த பருவம் அதற்குக் கொண்டாட்டம். இலைகள் கருகி உதிரும். இலை இல்லையேல் பழத்தில் சர்க்கரை ஏது? ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் ஒயினில் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். 12 சதவீதம் வேண்டுமானால் 200 கிராமுக்கு மேல் வேண்டும். நோய் கண்ட தோட்டத்துச் சாறு புளிப்பும் நீர்ப்புமாகவே இருந்தது; அதில் செய்த ஒயின் பீப்பாயிலேயே கெட்டது. 1880களில் போர்டோவின் ஒயின் வாணிகமே ஆட்டங்கண்டது.

1882 அக்டோபரில், போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லர்தே, செயின்ட் ஜூலியன் ஊர்த் தோட்டங்களின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். எங்கும் மொட்டைக் கொடிகள். சாலையோர வரிசைகளில் மட்டும் இலைகள் பசுமையாக நின்றன! விசாரித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அந்த வரிசைகளில் தெளித்திருந்தார்களாம்; நஞ்சு என்று அஞ்சி எவரும் தொடமாட்டார்கள் அல்லவா? திருடனுக்கு வைத்த பூச்சாண்டி நோயையும் விரட்டியிருந்தது.

மில்லர்தே இதைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. வேதியியல் பேராசிரியர் கேயோனும், தோட்ட மேலாளர் எர்னெஸ்ட் டேவிடும் துணைநிற்க, அளவுகளை மாற்றி மாற்றிச் சோதித்து, 1885இல் முடிவை வெளியிட்டார்.

இன்று வழக்கிலுள்ள 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு. கொல்வது தாமிர அயனி; சுண்ணாம்பு எதற்கு? மயில்துத்தக் கரைசலை மட்டும் தெளித்தால் இலை கருகிவிடும். சுண்ணாம்பு அதன் அமிலத்தன்மையைப் போக்கி, தாமிரத்தை எளிதில் கரையாத படிவாக்கி இலையில் ஒட்டவைக்கிறது. பிறகு மழை ஈரத்தில் அது சிறிது சிறிதாக வெளிப்படும். உள்ளே புகுந்துவிட்ட நோயை இது தீர்க்காது. மழைக்கு முன்பே இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்திருக்க வேண்டும்.

கலவை சரிதானா என்று அறியத் தோட்டக்காரர்கள் பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுப்பார்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பள்ளியில் நீங்கள் செய்த சோதனைதான் இது.

ஒரு சங்கடமும் உண்டு. தாமிரம் ஒரு தனிமம், சிதைந்து மறைவதில்லை. ஆண்டாண்டாகத் தெளித்த பிரெஞ்சுத் தோட்டங்களின் மேல்மண்ணில் அது சேர்ந்துகிடக்கிறது. மண்புழுக்களுக்கு அது ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் ஒரு வரம்பு விதித்தது: ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்குமேல் இடக்கூடாது. மயில்துத்தத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தாமிரம். 100 லிட்டர் கலவையில் எவ்வளவு தாமிரம், அந்த வரம்புக்கு எத்தனை லிட்டர் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.