இடம் மாறிய கல்லறைக் கற்கள்

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றி வருபவர்கள் கல்லறைக் கற்களை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெரும்பாலான கற்களுக்கு அடியில் யாரும் இல்லை. அவற்றுக்கு உரியவர்கள் கோட்டைக்கு வெளியே, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்து மண்ணில் கிடக்கிறார்கள்.

கற்களில் சில தேவாலயத்தைவிட மூத்தவை. கோட்டைத் தலைவராக இருந்த ஆரோன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் கல்லில் உள்ள ஆண்டு 1652. தேவாலயப் பணி தொடங்கியதோ 1678 மார்ச் 25-இல். திறந்தது 1680 அக்டோபர் 28-இல். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி 4 அடி கனத்தில் சுவர், அதன்மேல் 2 அடி கனத்தில் வளைவுக் கூரை எழுப்பினார்கள். ஜெபிக்க வந்தவர்களின் பயம் அந்தக் கட்டடத்தில் அப்படியே தெரிகிறது.

அந்தப் பயம் வீணாகவில்லை. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. வெளியே இருந்த இடுகாட்டின் உயரமான கல்லறைகள் எதிரிக்கு நல்ல மறைவாயின. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துத் தள்ளினார்கள். எழுத்துள்ள பலகைகளை மட்டும் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் கூம்புக் கல்லறை இடிபடாமல் தப்பியது. அவருடைய விதவை கேத்தரினை, பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேல் மணந்தது இதே தேவாலயத்தில்தான். அவர்களுடைய சிறு மகன் டேவிட்டும் அந்தக் கூம்பின் கீழேயே இருக்கிறான். கற்களைக் காப்பாற்றியவர்கள் உடல்களை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

அடுத்த ஆபத்து எங்கள் மத்தூர்ப் பக்கத்திலிருந்து போனது. மத்தூரிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டினால் செங்கம் கணவாய். 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலியின் பெரும்படை அந்தக் கணவாய் வழியாகத்தான் ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கியது. சென்னை நடுங்கியது. 1782-இல் இந்தக் கற்களில் சிலவற்றைப் பெயர்த்து, கொத்தளத்தில் பீரங்கிகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள் என்று தேவாலய வரலாறு சொல்கிறது. இறந்தவர் பெயரைத் தாங்கச் செதுக்கிய கல் பீரங்கியையும் தாங்கியது. போர் ஓய்ந்தபின் பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஹைதரை எதிர்த்த படையில் இளம் அதிகாரியாக இருந்தவர் தாமஸ் மன்றோ. 1792-இல் மத்தூரை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலம் அளந்து தீர்வை விதிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது அந்த ஆண்டுகளில்தான். பிறகு சென்னை ஆளுநரானார். 1827 ஜூலை 6-இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தவரைக் குத்தி என்னும் ஊரில் புதைத்தார்கள். 1831-இல் அவருடைய எச்சங்களைத் தோண்டியெடுத்துக் கொண்டுவந்து புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். எலிசபெத் பேக்கருக்குக் கல் மட்டும்தான் இங்கே வந்து சேர்ந்தது. மன்றோ தானே வந்து சேர்ந்தார்.