ஆர். எம். பாலன்டைன்: பவளத் தீவைப் பார்க்காதவர்

ராபர்ட் மைக்கேல் பாலன்டைன் (1825–1894) விக்டோரியா அரசி காலத்து ஸ்காட்லாந்து எழுத்தாளர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதியவர். சிறு நூல்களையும் கணக்கில் சேர்த்தால் அவர் எழுதியவை நூற்றை ஒட்டி வரும். அவற்றுள் உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: ‘தி கோரல் ஐலண்ட்’, அதாவது ‘பவளத் தீவு’. அந்தக் கதை நடக்கும் பசிபிக் கடலை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தீயணைப்பு வீரர்களோடும் சுரங்கத் தொழிலாளர்களோடும் கலங்கரை விளக்கக் காவலர்களோடும் தங்கி, கண்ணால் கண்டு எழுதிய நூல்களோ பழைய புத்தகப் பிரியர்களிடம் மட்டுமே இருக்கின்றன. அவரது வாழ்க்கையைச் சொல்லும்போது அந்த நூல்களுக்கும் உரிய இடம் கொடுத்தாக வேண்டும்.

எடின்பரோ நகரில் 1825 ஏப்ரல் 24 அன்று, பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தார். குடும்பத் தொழில் அச்சு. பெரிய தந்தை ஜேம்ஸ் பாலன்டைன், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் நூல்களை அச்சிட்டவர். அந்த அச்சகத்தில் ஸ்காட்டும் வெளியே தெரியாத பங்குதாரர். ராபர்ட் கைக்குழந்தையாக இருந்தபோதே, 1826இல், அச்சகம் திவாலானது. அதோடு சேர்ந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் சுமந்த ஸ்காட், எஞ்சிய ஆயுளை அதை அடைப்பதற்காக எழுதியே கழித்தார். பாலன்டைன் குடும்பம் பழைய வசதிக்குத் திரும்பவே இல்லை. ராபர்ட்டின் படிப்பு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது.

வசதி போனாலும் கலையும் கல்வியும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அண்ணன் ஜான் பெயர் பெற்ற ஓவியர். இன்னொரு அண்ணன் ஜேம்ஸ் ராபர்ட் பாலன்டைன் இந்தியாவுக்கு வந்து, காசியில் இருந்த அரசு சமஸ்கிருதக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பாணினீய இலக்கணத்தின் தொடக்கப் பாடநூலான லகு கௌமுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர்தான். தம்பியின் பயணம் எதிர்த்திசையில், மேற்கே அமைந்தது.

பதினாறு வயதில், 1841இல், ராபர்ட் ஹட்சன் விரிகுடா கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து கனடாவின் வடபகுதிக்குக் கப்பல் ஏறினார். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்ட். பழங்குடி மக்கள் கொண்டுவரும் பீவர், நரி போன்ற விலங்குகளின் தோல்களை வாங்கி லண்டனுக்கு அனுப்புவது கம்பெனியின் வணிகம். மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது இளைஞரின் வேலை. யார்க் ஃபேக்டரி, செவ்வாற்றங்கரையிலிருந்த ஃபோர்ட் கேரி, நார்வே ஹவுஸ் எனக் கம்பெனியின் வணிக நிலையங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றப்பட்டார். மைக்கூட்டில் மை உறையும் குளிர்காலங்கள் அவை. 1845இல் நார்வே ஹவுசிலிருந்து மாண்ட்ரியால் அருகிலுள்ள லஷீன் வரை மரப்பட்டைத் தோணியில் பயணம் செய்தார். கடைசி ஆண்டுகள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையில், பேச்சுத்துணை இல்லாத சிறு நிலையங்களில் கழிந்தன.

அந்தத் தனிமைதான் அவரை எழுத வைத்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையே தபால் போகும் ஊரிலிருந்து தாய்க்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். எழுத்தாளராகும் எண்ணம் அப்போது அவருக்குக் கிடையாது. 1847இல் ஊர் திரும்பியபோது தந்தை உயிரோடு இல்லை. கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்துத் தொகுத்த ‘ஹட்சன் விரிகுடா’ 1848இல் வெளிவந்தது. பனிவண்டி, தோணிப் படை, குளிர்கால உணவு, வேட்டை என அன்றாட வாழ்வைச் சொல்லும் நூல் அது. கதை எதுவும் இல்லாத அந்த முதல் நூலிலேயே அவருடைய பலம் தெரிகிறது: ஒரு வேலையை மனிதர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்க்கும் கண்.

பிறகு ரயில்வே அலுவலகத்திலும், எடின்பரோ பதிப்பாளர் தாமஸ் கான்ஸ்டபிளிடமும் வேலை பார்த்தார். கனடா அனுபவத்தைச் சிறுவர்களுக்கான கதையாக்கும்படி பதிப்பாளர் வில்லியம் நெல்சன் கேட்டுக்கொண்டதால் ‘தி யங் ஃபர் டிரேடர்ஸ்’ (1856) பிறந்தது. அடுத்த ஆண்டு ‘உங்காவா’. இரண்டும் அவர் நடந்த மண்ணின் கதைகள். மூன்றாவதுதான் ‘பவளத் தீவு’. ஃபைஃப் கடற்கரையில் பர்ன்டைலாண்ட் ஊரில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, புத்தகங்களின் துணையோடு எழுதினார். நூல் 1857இன் இறுதியில் வெளியாயிற்று. முகப்பில் 1858 என்று அச்சிட்டிருந்தார்கள்.

கதை எளியது. கப்பல் உடைந்து, ரால்ஃப், ஜாக், பீட்டர்கின் என்ற மூன்று பையன்கள் ஆளில்லாத் தீவில் கரையேறுகிறார்கள். தீ மூட்டுகிறார்கள், படகு கட்டுகிறார்கள், நீருக்கடியில் நுழைந்து குகை கண்டுபிடிக்கிறார்கள். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாத அந்த முதல் பாதி இன்றும் படிக்கச் சுகமானது. அதற்கு முந்தைய தீவுக் கதைகளில் பெரும்பாலும் ஒரு தகப்பனோ மாலுமியோ கூட இருந்து அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார். பாலன்டைன் மூத்தவர்களைக் கப்பலோடு கடலில் விட்டுவிட்டார். பையன்கள் தாங்களே தவறு செய்து தாங்களே திருத்திக்கொள்ளும் உலகம் அது. படித்த சிறுவர்கள் அந்தத் தீவுக்குத் தாங்களே போய்விட்டார்கள் என்று சொல்வது மிகையாகாது.

சிறப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமன்று. அமெரிக்கரான ஜேம்ஸ் எஃப். போமன் எழுதிய ‘தி ஐலண்ட் ஹோம்’ என்ற முந்தைய நூலிலிருந்து இக்கதை நிறையக் கடன் வாங்கியிருக்கிறது. பிற்பாதியில் கடற்கொள்ளையர், நரமாமிசம் தின்போர், மதபோதகர் என்று கதை திசைமாறுகிறது. தீவு மக்கள் கொடியவர்களாகவும், கிறிஸ்தவத்துக்கு மாறியதும் ஒரே நாளில் சாந்தமானவர்களாகவும் காட்டப்படுகிறார்கள். பாலன்டைன் ஆழ்ந்த பக்தியுள்ளவர், உளமாரவே அப்படி எழுதினார். ஆனாலும் ஒரு மக்கள் கூட்டத்தை ஒருமுறைகூட நேரில் காணாமல், பேசிப் பாராமல் தீர்ப்புச் சொன்ன பக்கங்கள் அவை. அந்தத் தீர்ப்பைப் பல தலைமுறைச் சிறுவர்கள் பூகோளப் பாடம்போல் நம்பினார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

அவரைச் சுட்டது வேறொரு பிழை. தீவில் பீட்டர்கின் தென்னை மரம் ஏறிக் காய் பறிக்கிறான். பேனாக்கத்தியால் சட்டென்று ஒரு துளை போட்டு வாயில் வைத்துக் குடிக்கிறான். தென்னந்தோப்பின் நிழலில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்த யாரும் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். இளநீர் சீவ அரிவாள் வேண்டும், நெற்றை உரிக்கக் கடப்பாரை வேண்டும். மட்டையும் நாரும் சுற்றியிருக்கும் கனத்தைச் சின்னக் கத்தி என்ன செய்யும்? மட்டை உரித்து எடின்பரோ மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்த தேங்காயைத்தான் பாலன்டைன் பார்த்திருந்தார். மரத்திலும் அது அப்படியே தொங்கும் என்று நினைத்துவிட்டார். பிழை சுட்டிக்காட்டப்பட்டபோது வெட்கப்பட்டார். இனி எழுதும் பொருளை முடிந்தவரை நேரில் கண்ட பிறகே எழுதுவது என்று தீர்மானித்துக்கொண்டதை, முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

தீர்மானம் உடனே முழுதாக நிறைவேறவில்லை. பிரேசிலில் நடக்கும் ‘மார்ட்டின் ராட்லர்’ (1858), பவளத் தீவுப் பையன்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் ‘தி கொரில்லா ஹன்டர்ஸ்’ (1861) ஆகியவை நூலகத்திலிருந்து பிறந்தவையே. இதற்கிடையே நெல்சனோடு மனத்தாங்கல் வளர்ந்தது. முதல் நூல்களின் உரிமையை அவர் சொற்பத் தொகைக்கு மொத்தமாக விற்றிருந்தார். பவளத் தீவு பதிப்புமேல் பதிப்பாக விற்றபோது அந்த வருமானம் அவர் கைக்கு வரவில்லை. கடைசியில் லண்டனின் ஜேம்ஸ் நிஸ்பெட் நிறுவனத்துக்கு மாறினார். அவருடைய நல்ல காலம் அங்கேதான் தொடங்குகிறது.

‘தி லைஃப்போட்’ (1864) நூலுக்காக ரேம்ஸ்கேட் துறைமுகத்துக்குப் போய், புயலில் படகு தள்ளும் மீனவர்களோடு பழகினார். கடல் விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் உயிர்காப்புப் படகுகளுக்கு மேடையேறிப் பேசி நிதி திரட்டினார். 1866இல் ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள போர்ட் லோகன் நிலையத்துக்கு வந்த படகு, எடின்பரோவின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துத் தாங்கியது.

‘தி லைட்ஹவுஸ்’ (1865) நூலுக்காக பெல் ராக் கலங்கரை விளக்கத்தில் சில வாரங்கள் தங்கினார். ஆர்ப்ரோத் கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கும் பாறை அது. அலையேற்றத்தில் பாறை முழுதும் மூழ்கிவிடும். ஏறத்தாழ 35 மீட்டர் உயரக் கல்தூண் ஒன்றுதான் அப்போது வெளியே நிற்கும். அதைக் கட்டுவோர் அலை வடியும் சில மணி நேரத்தில் மட்டுமே பாறையில் வேலை செய்ய முடிந்தது. 1807இல் தொடங்கிய பணி முடிந்து, 1811 பிப்ரவரியில் முதல் விளக்கு எரிந்தது. பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய அந்தக் கோபுரத்தில் காவலர்களோடு உண்டு உறங்கி, அலை மோதும்போது சுவர் அதிர்வதை உணர்ந்து, கட்டுமானத்தின் கதையைச் சிறுவருக்கான நாவலாக்கினார் பாலன்டைன். அதன் பக்கங்களில் வில்லனைவிட வெள்ளமே பயமுறுத்துகிறது.

பிறகு லண்டன் தீயணைப்பு நிலையம். குதிரைகள் இழுக்கும் வண்டியில் வீரர்களோடு தொற்றிக்கொண்டு தீப்பிடித்த இடங்களுக்குப் போய்வந்தார். அந்த அனுபவம் ‘ஃபைட்டிங் தி ஃப்ளேம்ஸ்’ (1867) ஆயிற்று. அடுத்து கார்ன்வாலின் செயின்ட் ஜஸ்ட் ஊரில் குடியிருந்து பொட்டாலக் சுரங்கத்தில் இறங்கினார். வெள்ளீயமும் செம்பும் எடுத்த அச்சுரங்கத்தின் வழிகள் கடலுக்கு அடியில் நீண்டிருந்தன. புயல் நாளில் தலைக்குமேல் கடல் பாறைகளை உருட்டும் ஓசை உள்ளே வேலை செய்தோருக்குக் கேட்டது. ‘டீப் டவுன்’ (1868) அந்த ஓசையின் கதை என்றே சொல்லலாம். குட்வின் மணல்திட்டுகளில் கப்பல்கள் மோதாமல் காத்த விளக்குக் கப்பலில் தங்கி ஒரு நாவல் (1870), ரயில் எஞ்சினில் ஓட்டுநரோடு நின்று பயணம் செய்து ‘தி அயர்ன் ஹார்ஸ்’ (1871), மூழ்குவோர் உடை அணிந்து நீரில் இறங்கிப் பார்த்து ‘அண்டர் தி வேவ்ஸ்’ (1876), தபால் துறையைப் பற்றி ‘போஸ்ட் ஹேஸ்ட்’ (1880) எனப் பட்டியல் நீளும். கிழக்கு ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைக் கண்டித்த ‘பிளாக் ஐவரி’ வெளியான 1873இல்தான் பிரிட்டிஷ் நெருக்குதலால் சான்சிபார் அடிமைச் சந்தையும் மூடப்பட்டது.

இந்த நூல்களில் கதைப்பின்னல் தளர்வானது, இடையிடையே உபதேசமும் உண்டு. ஆயினும் அதுவரை சாகசம் என்றால் தூரதேசம் என்றிருந்த சிறுவர் இலக்கியத்தில், தெருமுனைத் தீயணைப்பு வீரரும் தபால் பிரிப்பவரும் நாயகர்கள் ஆனது பெரிய மாற்றம். சம்பளத்துக்கு உழைப்பவரின் அன்றாடத்திலேயே உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சல் இருக்கிறது என்று நம்பியவர் பாலன்டைன். காலனியப் பார்வையால் கறைபட்ட தூரதேசக் கதைகளைவிட இவற்றையே மறுபதிப்பாளர்கள் தேடிப் பிடிக்க வேண்டும்.

1866இல் ஜேன் டிக்சன் கிராண்ட் என்பவரை மணந்தார். குழந்தைகள் ஆறு பேர். பிற்காலத்தில் லண்டன் அருகே ஹாரோவில் குடியேறினார். நீர்வண்ண ஓவியங்கள் தீட்டி ராயல் ஸ்காட்டிஷ் அகாதெமியில் காட்சிக்கு வைத்தார். தம் நூல்கள் பலவற்றுக்குத் தாமே படம் வரைந்தார். மேடைப் பேச்சுகளில் கனடிய வேட்டைக்காரரின் தோலாடை அணிந்து, தோணிக்காரர் பாட்டுகளைப் பாடிக் காட்டுவார்.

அவரைப் படித்து வளர்ந்தவர்கள் அவரை மிஞ்சினார்கள். பெல் ராக்கைக் கட்டிய பொறியாளரின் பேரன் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், ‘டிரெஷர் ஐலண்ட்’ நூலின் முகப்புப் பாடலில் பாலன்டைனைப் பெயர் சொல்லி வணங்கியிருக்கிறார். ‘பீட்டர் பான்’ படைத்த ஜே. எம். பேரி 1913இல் பவளத் தீவின் ஒரு பதிப்புக்கு முன்னுரை எழுதினார். வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ பவளத் தீவுக்கு நேர்ப் பதில். ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டு, பெரியவர் இல்லாத தீவில் ஆங்கிலப் பையன்களே வேட்டைக் கூட்டமாக மாறிக் கொலை வரை போவதைக் காட்டினார். பாலன்டைன் தீவு மக்கள்மேல் ஏற்றிய கொடுமையைப் பள்ளிக்கூடப் பையன்களின் நெஞ்சுக்குள் திருப்பி வைத்தது அந்த நாவல். அதன் கடைசிப் பக்கங்களில் வரும் கடற்படை அதிகாரி பவளத் தீவைப் பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார்.

உடல்நலம் குன்றியதால் 1893இல் இத்தாலிக்குப் போன பாலன்டைன், 1894 பிப்ரவரி 8 அன்று ரோம் நகரில் இறந்தார். அங்குள்ள புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஹாரோ பள்ளி மாணவர்கள் நினைவுச்சின்னம் எழுப்ப நிதி திரட்டத் தொடங்கினார்கள், வாசகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது சமோவாத் தீவில் வாழ்ந்துகொண்டிருந்த ஸ்டீவன்சன், பெரிய சின்னம் வேண்டாம், பணத்தின் பெரும்பகுதி அவர் மனைவி மக்களுக்குப் போகட்டும் என்று எழுதினார். அப்படியே செய்தார்கள். ரோமில் பாலன்டைனின் கல்லறைமேல் அடக்கமான ஒரு வெள்ளைக்கல் வைக்கப்பட்டது.