ஓர் எழுத்து நகர்ந்தால்

லினக்ஸ் திரையில் நான் அதிகம் தட்டிய கட்டளைகளில் ஒன்று ஆர்சிங்க். ஒரு கோப்புறையில் இருப்பதை இன்னொன்றில் கொண்டுபோய் வைக்கும். ஒரே வரி. இதுல என்ன பெரிய வரலாறு இருக்குன்னு தோணலாம். இருக்கு.

1996 ஜூன். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டார்கள். விண்டோஸும் யூனிக்ஸும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பாவைத் தொடங்கியவரும் இதே ட்ரிட்ஜெல்தான். அறிக்கையின் கேள்வி இது: ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு கோப்புகள், இரண்டு கணினிகள், நடுவே மெதுவான இணைப்பு. மாறிய பகுதியை மட்டும் அனுப்ப வேண்டும். ஆனால் எது மாறியது என்று ஒப்பிட இரண்டும் ஒரே இடத்தில் இருக்கணுமே?

ஒரு நாவலின் கைப்பிரதி உங்களிடமும், அதன் பழைய படி தோழியிடமும் இருப்பதாக வையுங்கள். பக்கம் பக்கமாக ஃபோனில் ஒப்பிடலாம். ஆனால் முதல் பக்கத்தில் நீங்கள் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போச்சு. அதற்குப் பின் எல்லாப் பக்கமும் தள்ளிப்போய், எதுவும் எதனோடும் பொருந்தாது.

அவர்கள் கண்ட வழி: பழைய படி வைத்திருப்பவர் அதைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாள எண்களை அனுப்புகிறார். ஒன்று 32 பிட், சட்டென்று கணக்கிடக்கூடியது. இன்னொன்று 128 பிட், ஏமாற்றுவது கடினம். புதிய படி வைத்திருப்பவர் பக்க எல்லைகளைப் பார்ப்பதே இல்லை. துண்டளவு ஜன்னல் ஒன்றை எழுத்தெழுத்தாக நகர்த்துகிறார். வெளியேறும் பைட்டைக் கழித்து, உள்ளே வருவதைக் கூட்டினால் புதிய எண் கிடைத்துவிடும். முதலிலிருந்து கணக்குப் போட வேண்டாம். எண் பொருந்தினால் மட்டும் பெரிய எண்ணை எடுத்துச் சரிபார்க்கிறார். பொருந்தும் துண்டுகளை எதிர்முனை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். பொருந்தாத எழுத்துகள் மட்டும் கம்பியில் போகும். லினக்ஸ் மூலநிரலின் இரண்டு பதிப்புகளில் சோதித்தார்கள். சுமார் 24 மெகாபைட் கோப்பு. 700 பைட் துண்டுகளாக வெட்டியபோது இருபுறமும் சேர்த்துப் போனது 2 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம். பெரிய கணிதமெல்லாம் இல்லை, கூட்டலும் கழித்தலும்தான். எனக்குப் பிடித்ததே அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே கணினியின் இரண்டு கோப்புறைகளுக்கு நடுவே ஆர்சிங்க் இந்த வித்தையைக் காட்டுவதே இல்லை. அளவும் தேதியும் ஒத்திருந்தால் தாண்டிவிடும். இல்லையென்றால் முழுக் கோப்பையும் நகலெடுக்கும். வட்டு பக்கத்திலேயே இருக்கும்போது யோசிப்பானேன்!

ஆனால் ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. 'டிலீட்' விருப்பத்தைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்காது. நேற்று நீங்கள் தவறி அழித்த அத்தியாயத்தை இன்று ஆர்சிங்க் விசுவாசமாக அங்கேயும் அழிக்கும். கண்ணாடிக்கு நேற்றைய முகம் தெரியாதில்லையா? அதனால்தான் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை வைக்கும் வழக்கம் வந்தது. மாறாத கோப்புகளுக்கு வன்தொடுப்பு மட்டும். பத்து நாள் பிரதி இருந்தாலும் இடம் பத்து மடங்கு ஆகாது. 2007இல் ஆப்பிள் கொண்டுவந்த டைம் மெஷினும் இதே யோசனையில் நடந்ததுதான்.

அப்புறமும் ஆபத்து போகவில்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகச் சூப்பர்கணினியில், காப்பு எடுக்கும் நிரலே கோப்புகளை அழித்தது. ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்டை நடுவில் புதுப்பித்தார்கள். பாஷ் ஸ்கிரிப்ட்டைப் படித்துக்கொண்டே ஓட்டும். பாதியில் புதிய வரிகள் வந்ததும் ஒரு மாறி வெறுமையாகிவிட்டது. பழைய பதிவுகளைத் துடைக்க வேண்டிய கட்டளை, ஆய்வாளர்களின் கோப்புகளைத் துடைத்தது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நான்கு குழுக்களின் கோப்புகளைக் காப்பிலிருந்து மீட்க முடியவில்லை.