இருப்பதும் பறப்பதும்: கோவைப் பட்டறையின் முன் இரண்டு தொழில்

காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் வடக்கே போனால் கணபதி. சற்றுத் தள்ளி ஆவாரம்பாளையம். தெருவுக்குத் தெரு லேத் ஓடும் பகுதி இது. பம்ப்செட், மோட்டார், வெட் கிரைண்டர் என்று எதற்கு உதிரி வேண்டுமானாலும் ஏதாவது ஒரு பட்டறையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அதே காந்திபுரத்தில் சூலூர் பஸ் ஏறினால் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்களோடு 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே 27-ல் அங்கேதான் செயல்படத் தொடங்கியது. 45-வது ஸ்குவாட்ரன் அதற்கு முன்பே வந்துவிட்டது. தெற்கே மலுமிச்சம்பட்டிப் பக்கம் எல் அண்ட் டி வளாகத்தில் தேஜஸின் இறக்கைகள் தயாராகின்றன.

இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய வேலை நடக்கும்போது இன்னும் எத்தனை நாளைக்குப் பம்ப் ஷாஃப்ட்டையே கட்டிக்கொண்டு அழுவது? கோவையில் தொழில் செய்பவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. 2019 ஜனவரி 20-ல் திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கிவைக்கப்பட்டு, சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் அதன் ஐந்து முனையங்களில் ஒன்றானது முதல் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது.

பேச்சை விட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறை. மறுபக்கம் அதே அளவுள்ள பட்டறை ராணுவத் தளவாடங்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் மாறலாமா, மாறினால் எப்படி மாறுவது என்பதற்கு விடை கிடைக்கும்.

ஆர்டர் வரும் வழி

பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறிய காலத்திலிருந்து கோவையின் பம்ப் தொழில் நேரில் பார்த்துப் பழகிய தொழில். கம்பெனிக்காரர் போன் போடுவார்: "அவசரமுங்க, நாளைக்குக் காலையில வேணுமுங்க." ராத்திரி ஷிப்ட் ஓடும், காலையில் டெம்போ வரும். ரேட்டைப் பேசி முடிக்க ஒரு டீ போதும். வெயில் காலத்துக்கு முன்பு ஆர்டர் குவியும். மழை நன்றாகப் பிடித்தால் இறங்கிவிடும். ராஜ்கோட்டிலிருந்து விலை குறைந்த பம்ப் வந்தால் இங்கே ரேட்டை அடிப்பார்கள். லாபம் மெலிந்திருந்தாலும் வேலை சுழன்றுகொண்டே இருக்கும்.

ராணுவ வேலையில் சிறு பட்டறை ராணுவத்தையே பார்க்காது. படைக்குப் பொருள் கொடுப்பது எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை போன்றவை. அவற்றுக்குத் தொகுதிகள் கொடுப்பது எல் அண்ட் டி, லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள். நம் பட்டறை அதற்கும் கீழே மூன்றாவது, நான்காவது படியில் நிற்கும். இந்தப் படிக்கட்டில் கால் வைக்கவே வெண்டார் பதிவு, தரச் சான்று, பட்டறைத் தணிக்கை என்று மாதங்கள் போகும்.

நேரடிக் கதவுகளும் உண்டு. இதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பாகங்களில் எதை இங்கே செய்ய முடியும் என்று கேட்டு 2020 ஆகஸ்டில் மத்திய அரசு ஸ்ரீஜன் இணையதளத்தைத் திறந்தது. புதிய கண்டுபிடிப்புகளுக்கு மானியம் தரும் ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் தொடங்கியது. அதன் முதல் இரண்டு புத்தாக்க மையங்களுக்குக் கோவையும் ஹைதராபாத்தும் தேர்வாயின. இங்கே அந்தப் பொறுப்பு சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் மையத்திடம் இருக்கிறது. ஆனால் ஐடெக்ஸ் புதிதாக ஒன்றை உருவாக்குகிறவருக்கு. டிராயிங்கைக் கொடுத்தால் கடைந்து தருகிற பட்டறைக்கு அந்த மானியம் வராது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைகிறார்கள்.

ஆயிரமும் முந்நூறும்

எண்ணிக்கையில் இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரு சப்மெர்சிபிள் ஷாஃப்ட் மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓடும். ஒருமுறை செட்டிங் போட்டுவிட்டால் ஆபரேட்டர் பீஸ் மாற்றிக்கொண்டே இருப்பார். வருமானமே அந்த ஓட்டத்தில்தான்.

தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் 83, 2025 செப்டம்பரில் 97 என்று ஒப்பந்தமானது. மொத்தம் 180. ஒரு விமானத்துக்கு இரண்டு வீதம் போகும் ஒரு பிராக்கெட் நமக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து 360 பீஸ். அதுவும் பல வருடங்களில் பிரித்துத்தான் கேட்பார்கள். பம்ப் பட்டறைக்காரருக்கு அது சில நாள் வேலை. அதனால் பீஸ் ரேட் எத்தனை மடங்கு கூடினாலும், அந்த மெஷின் மீதி நாளில் என்ன செய்யும் என்ற கேள்வி நிற்கிறது. இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் ஒரே பாகத்தை நம்பியதில்லை. சின்னச் சின்ன எண்ணிக்கையில் நூறு வகைப் பாகம் எடுத்து ஓட்டுகிறார்கள். அடிக்கடி செட்டிங் மாற்றத் தெரிந்த ஆள் அதற்கு வேண்டும்.

ராணுவப் பக்கத்துக்குச் சாதகமான ஒன்றும் இங்கே உண்டு. பம்ப் மாடல் சில வருடத்தில் மாறும். மாறினால் பழைய பட்டறையைக் கேட்காமலேயே வேறு ஆளுக்கு வேலை போகும். விமானமோ டாங்கியோ முப்பது, நாற்பது வருடம் ஓடும். ஒருமுறை ஒப்புதல் வாங்கிய சப்ளையரை மாற்றுவது வாங்குகிறவருக்கே தலைவலி. நுழைவது கடினம் என்பதே நுழைந்தபின் அரணாகிவிடுகிறது.

கம்பித் துண்டின் கதை

இரண்டு தொழிலின் வேறுபாட்டை ஒரு கம்பித் துண்டிலேயே பார்த்துவிடலாம். பம்ப் பட்டறையில் ஆறு மீட்டர் பாரை அறுத்து ஷாஃப்ட் போட்டபின் ஒரு முழ நீளம் மிஞ்சும். அது மூலையில் உள்ள ரேக்குக்குப் போகும். அடுத்த மாதம் சின்ன ஜாப் ஒன்று வந்தால் அதே துண்டு கைக்கு வரும். சிக்கனம் என்று அதைப் பாராட்டுவோம். கோவைப் பட்டறைகள் பிழைத்துக் கிடப்பதே இந்தச் சிக்கனத்தால்தான்.

ராணுவ வேலையில் பார் உள்ளே வரும்போதே அதில் ஹீட் நம்பர் இருக்கும். எந்த உருக்காலையில், எந்த உருக்கில் பிறந்தது என்பதற்கான அடையாளம் அது. சோதனைச் சான்றிதழில் உள்ள நம்பரும் பாரில் உள்ள நம்பரும் ஒத்துப்போக வேண்டும். அறுப்பதற்கு முன்பே மிஞ்சப்போகும் பக்கத்தில் அந்த நம்பரை மறுபடி பஞ்ச் செய்ய வேண்டும். மறந்துபோய் அறுத்துவிட்டால் மிஞ்சிய துண்டு என்ன உலோகம் என்று நமக்குத் தெரிந்திருந்தும் பயனில்லை. அந்த வேலையைப் பொறுத்தவரை அது ஸ்கிராப். பல ஒப்பந்தங்களில் உலோகத்தையே வாங்குகிறவர் கொடுப்பார். கெடுத்துவிட்டால் பணம் கட்டுவது நாம்.

பார் மட்டுமா? எந்த மெஷின், எந்த ஆபரேட்டர், எந்த மைக்ரோமீட்டர், அதைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள், ஹீட் ட்ரீட்மென்ட் எங்கே நடந்தது, அந்த இடத்துக்குச் சான்று உண்டா என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் பீஸை டிராயிங்கில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் சோதித்துத் தனி அறிக்கை தர வேண்டும். விமானப் பாகம் என்றால் ஏ.எஸ். 9100 சான்று கேட்பார்கள். மைக்ரான் கணக்கில் கடையும் கை கோவையில் நிறைய உண்டு. கடைந்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்கும் பழக்கம்தான் குறைவு. ஃபைவ் ஆக்ஸிஸ் மெஷின் வாங்கக் கடன் எடுக்கிறவர், அந்த ரெஜிஸ்டரை எழுத ஓர் ஆளை முதலில் வைக்கலாம். வாங்குகிறவர் பாகத்தோடு சேர்த்து அத்தாட்சியையும் விலைக்குக் கேட்கிறார். ரேட் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

பாக்கி

பம்ப் வேலையில் பணம் இழுக்கும். மூன்று மாதப் பாக்கி யாருக்கும் புதிதில்லை. குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்படித் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் தினம் முகம் பார்க்கிற கம்பெனி மேல் புகார் கொடுக்க யாருக்கு மனசு வரும்? போய் உட்கார்ந்து, "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று கேட்டுப் பாதியாவது வாங்கி வருகிறார்கள்.

ராணுவ வேலையில் பணம் மூழ்காது. ஆனால் அது கிளம்புகிற நேரம் வேறு. பரிசோதகர் வந்து பார்த்து, ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டபின்தான் பில்லுக்கே உயிர் வரும். அவர் வரும் தேதி நம் கையில் இல்லை. தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் என்று பிடித்தம் செய்யும் விதி அரசுக் கொள்முதலில் வழக்கமானது. அரசோடு நேரடி ஒப்பந்தம் என்றால் வங்கி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும்; உத்தரவாதக் காலம் முடியும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் முன்பணத்தில் விலக்கு உண்டு, மத்திய அரசுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கையும் உண்டு. இவை உள்ளே நுழைய உதவும். மாதக் கடைசியில் சம்பளம் போட உதவாது.

போதாததற்கு, யாரோ எங்கோ செய்யும் தாமதமும் நம் வாசலுக்கு வரும். மார்க் 1ஏ விமானங்கள் 2024 மார்ச்சிலிருந்து வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் தர வேண்டிய எஃப் 404 இன்ஜின்களில் முதலாவதே 2025 மார்ச்சில்தான் கை மாறியது. கோவையில் பாகத்தை நேரத்துக்கு முடித்து வைத்திருந்தாலும், இன்ஜின் இல்லாத விமானத்துக்கு அடுத்த லாட் பாகத்தை யார் அவசரமாகக் கேட்பார்கள்? பம்ப் தொழிலில் மழையைப் பார்த்து ஆர்டரைக் கணிக்கலாம். இங்கே அமெரிக்கத் தொழிற்சாலையின் நிலவரமும் டெல்லியின் பட்ஜெட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாளிக்கு ஒரு கணக்கு, தொழிலாளிக்கு இன்னொன்று

இதுவரை சொன்னதெல்லாம் பட்டறை வைத்திருப்பவரின் பார்வை. அங்கே வேலை செய்கிறவருக்குக் கணக்கு தலைகீழ். டிப்ளமோ முடித்த சி.என்.சி. புரோகிராமர் ஒருவர் ராணுவப் பாகம் செய்யும் பெரிய நிறுவனத்துக்கு மாறினால் காத்திருக்கும் செலவு அவருடையதல்ல. ஆர்டர் தாமதமானாலும் மாதச் சம்பளம் வரும். அளவு பார்க்கும் சி.எம்.எம். இயந்திரத்தை இயக்கவும், முதல் பீஸ் அறிக்கை எழுதவும், தணிக்கைக்குப் பதில் சொல்லவும் கம்பெனி செலவிலேயே பழகிக்கொள்வார். இந்தத் திறமைகளை எங்கே போனாலும் கேட்பார்கள்.

அவருக்கும் சில இழப்பு உண்டு. போலீஸ் சரிபார்ப்பு இருக்கும், போனை வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும், செய்த வேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட முடியாது. சிறு பட்டறையில் காலையில் லேத், மதியம் மில்லிங், சாயந்தரம் பார்ட்டியோடு பேச்சு என்று எல்லாம் கற்கலாம். பெரிய நிறுவனத்தில் ஒரே மெஷினில் ஒரே வேலையாகவும் அமையலாம். தண்ணீர் இறைக்கும் பொருளிலிருந்து குண்டு சுமக்கும் பொருளுக்குப் போவது சிலருக்கு மனசுக்கு ஒப்பாமலும் இருக்கும். அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்க முடியாது, அவரவர் தீர்மானிக்க வேண்டியது. இத்தனையும் கழித்துப் பார்த்தாலும், இளைஞருக்கு இந்த மாற்றத்தில் நஷ்டம் குறைவு.

எது மேல்?

இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே என்பார்கள். கோவையில் பறப்பதைப் பிடித்தவர்கள் இருப்பதை விடவே இல்லை. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-ல் நூற்பாலை இயந்திரங்களுக்காகத் தொடங்கியது. பிறகு சி.என்.சி. மெஷின்களுக்கு வந்து, அதன்பிறகு விமானப் பாகங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்தது. இன்றைக்கும் பெரிய வருமானம் நூற்பாலை இயந்திரத்தில்தான். பழைய தொழில் சோறு போட, புதிய தொழில் நிதானமாகப் படித்து மேலே வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படிப் போயிருக்கும்போது, ஐந்தாறு மெஷின் வைத்திருப்பவர் ஒரே மூச்சில் தாண்டப் பார்ப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

எனவே தீர்ப்பு ஆளைப் பொறுத்தது. சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர் வாய்ப்பு வந்தால் போகலாம். கடனில் மூழ்கி, பம்ப் வேலை குறைந்துவிட்டது என்பதற்காக ராணுவ ஆர்டரில் மீளலாம் என்று நினைக்கும் பட்டறைக்காரர் போகக்கூடாது. இந்தத் தொழில் முதலில் பணம் கேட்கும், பிறகுதான் தரும். பம்ப் வேலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர் இரண்டு வருடம் வருமானமில்லாமல் தாங்கக்கூடிய அளவுக்கு ஒரு மெஷினையும் இரண்டு ஆட்களையும் ஒதுக்கி, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பெரிய நிறுவனம் ஒன்றின் கீழ் எளிய பாகத்தில் தொடங்கலாம். ராணுவ வேலை கேட்கும் பதிவு ஒழுங்கை இன்று ஓடும் பம்ப் வேலையிலேயே பழகிப் பார்க்கலாம்: பாரில் ஹீட் நம்பர், ஒவ்வொரு லாட்டுக்கும் அளவுப் பதிவு, மைக்ரோமீட்டருக்குச் சோதனைத் தேதி. ஆறு மாதம் விடாமல் அதை எழுத முடிந்த பட்டறை ராணுவ வேலையின் முதல் படிக்குத் தயார் என்று சொல்லலாம். முடியாவிட்டால், பெரிய செலவு எதுவும் செய்யாமலே அது தெரிந்துவிடும்.