72 பொடியன்களும் மனித மனமும்

எங்கட ஊர்ல கலியாணம் முடிஞ்சா பொண்ணு வீட்டை விட்டுப் போறதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியத் தூக்கிட்டு வாறார். காத்தான்குடியில வீடு மகளுக்குத்தான். இதைப் படிக்கிற ஊர்க்காரருக்கு இது புதுசில்லை. ஆனா உளவியல் புத்தகத்தைத் திறந்தா அதில இருக்கிற குடும்பம் வேற. அங்க வாப்பாதான் வீட்டின் தலைவர், மகன்தான் கதையின் நாயகன்.

அந்தக் குடும்பத்தை வரைந்தவர்களில் முக்கியமானவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்ட். பெண்பிள்ளை ஆணுறுப்பு தனக்கு இல்லையே எண்டு ஏங்குகிறாள், அவளின் மனம் அந்தக் குறையிலிருந்துதான் வளருது எண்டு அவர் எழுதினார். 1920களில் கரேன் ஹோர்னி இதை மறுத்தார். பெண்ணுக்குப் பொறாமை இருந்தால் அது உறுப்பின் மேல் இல்லை, ஆணுக்குக் கிடைக்கிற உரிமைகளின் மேல் எண்டார். 1927இல் மலினோவ்ஸ்கி இன்னொரு கேள்வி கேட்டார். ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தாய்வழிக் குடும்பம். பிள்ளையைக் கண்டிக்கிறது தகப்பன் இல்லை, தாய்மாமன். அப்படியெண்டா தகப்பன்–மகன் பகை எப்படி எல்லா மனிதருக்கும் பொதுவாகும்? கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறை கொண்டவர்கள் எண்டதால, இந்தக் கேள்வி எங்களுக்கும் சொந்தம்தான்.

கோட்பாட்டில மட்டுமில்லை, ஆய்வுகூடத்து வாசலிலயும் இதே கதைதான். மேரி கல்கின்ஸ் 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கான எல்லாத்தையும் முடித்தார். பெண் எண்டதால பட்டம் கொடுக்கவில்லை. 1905இல் அவரே அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். மாதவிடாய் நாட்களில் பெண்ணின் மூளை மந்தமாகும் எண்ட நம்பிக்கையை லீட்டா ஹோலிங்வர்த் அளந்து பார்த்தார். 1914இல் வந்த அவரின் முடிவு: அப்படி எந்தச் சரிவும் இல்லை. அதுவரை அளக்காமலே நம்பியிருந்திருக்கிறாங்க!

பிறகு லோரன்ஸ் கோல்பெர்க். 1958இல் அவர் சிகாகோவின் 72 பொடியன்களை வைச்சு அற வளர்ச்சிப் படிகளை உருவாக்கினார். ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. 1982இல் கரோல் கில்லிகன் கேட்டார்: ஆணை அளவுகோலாக வைச்சா பெண் குறையாத்தானே தெரிவாள்? பெண்கள் உறவையும் பராமரிப்பையும் வைச்சு நியாயம் பேசுறாங்க, அது கீழ்ப்படி இல்லை எண்டார். 1984இல் லோரன்ஸ் வோக்கர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஆண், பெண் புள்ளிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்ப "பெண் எண்டாலே பராமரிப்பு" எண்டதும் இன்னொரு பெட்டியாக மாறலாம்.

அதனால எங்கட ஊரையும் மாதிரியாக் காட்டி மகிழ வேணாம். வீடு பெண்ணின் பேரில இருந்தும், அதைக் கட்ட வாப்பாவும் காக்காவும் வெளிநாட்டில வருசக்கணக்காக உழைக்கிறாங்க. வீடு முடியாட்டி கலியாணமும் தள்ளிப்போகுது. அந்தப் பயமும் ஒரு மனநிலைதான், அது பெண்ணுக்கும் ஆணுக்கும் இருக்கு. அதை வியன்னாவிலயோ சிகாகோவிலயோ யாரும் அளக்கவில்லை.

உளவியல் படிக்கப் போற தம்பி தங்கச்சிமார் அடுத்த முறை "மனிதர் இப்படித்தான்" எண்டு வாசிச்சா ஒரு கேள்வி கேளுங்க: யாரை வைச்சு எழுதினது? எங்கட உம்மா அதில இருக்கிறாவா?